சாக்கு நிற்காத ஏழு வாசல்கள்

மாசிலாமணி போதகருக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய சீடர் ஞானசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரின் காதைத் திருகியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே போதகரிடம் வந்து, "ஐயா, எனக்கு ஊழியம் கத்துக்கொடுங்க" என்றார்.

போதகர் ஒரு காலிச் சாக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வீட்டில் உலை கொதித்ததும், அரிசியைப் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாக்கு வரும். கலயத்தை அதில் கவிழ்ப்பார்கள். அரிசி எங்கே தேவையோ அங்கே போகும். அந்த மாதம் கடற்கரையில் ஒரு குடியிருப்பு முழுக்க எரிந்து போயிருந்தது. அரிசி அவர்களுக்கு என்று முடிவாயிற்று.

அதே மாதம்தான் காலம் தப்பிப் பெய்த மழையில் உப்பளங்களும் கரைந்தன. உப்பளத் தெருவில் ஏழு வீடுகள். ஏழிலும் வேலை போயிற்று. இரண்டு வேளை உலை வைத்தவர்கள் ஒரு வேளைக்கு இறங்கினார்கள்.

ஞானசிகாமணி போதகரிடம் கேட்டார். "ஐயா, இல்லாதவங்ககிட்ட போய்ச் சாக்கை நீட்டுறது நியாயமா?"

போதகர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன தோணுது, அண்ணாச்சி?"

"பாவம்னு தோணுது."

"சரி."

அந்த 'சரி'யை ஞானசிகாமணி அனுமதியாக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை உப்பளத் தெருவில் எந்த வாசலிலும் நிற்காமல் நடந்தார். கலயத்தோடு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, வேண்டாம் என்று கையசைத்தார். தன் இரக்கத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஆராதனைக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் உப்பளத் தெரு அன்னத்தாய் வந்தாள். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கைகள். போதகருக்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு ஞானசிகாமணியின் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுல யாரு செத்துட்டான்னு கேக்க வந்தேன், சார்."

ஞானசிகாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. சாக்கு ஒரு வாசலில் நிற்காமல் போனால் அது கேத வீடு. சாவு விழுந்த வீட்டில் எட்டு நாள் கழியும்வரை அரிசி வாங்குவதில்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாமல் இல்லை. இரக்கம் வந்த வேகத்தில் மறந்துவிட்டது.

"எங்க சின்னம்மா பஸ்ஸுல வந்து இறங்கி, தெருமுனையில இருந்தே ஒப்பாரி வச்சுக்கிட்டு வாரா" என்றாள் அன்னத்தாய். "ஏழு வீட்டுலயும் ஒரே நாள்ல எழவு விழுந்தா, காலராவான்னு கேக்காங்க."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அன்னத்தாய் சிரிக்கவில்லை.

"நீங்க கஷ்டத்துல இருக்கீங்களேன்னுதாம்மா..." என்று ஆரம்பித்தார் ஞானசிகாமணி.

"கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா, சார்? நான் கட்டியிருக்கது எங்க அக்கா குடுத்த சேலை. பொங்குறது ரேஷன் அரிசி. எல்லாம் அடுத்தவங்க குடுத்தது. அந்த ஒரு பிடிதான் நான் குடுக்குறது. அதையும் பிடுங்கிட்டீங்களே."

அவள் குரல் உடைந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எங்க தெருவுக்குச் சாக்கைக் கொண்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடற்கரைக்கு அரிசி கொண்டுபோகும் லாரி புதன்கிழமை சாயங்காலம் புறப்பட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஞானசிகாமணி உப்பளத் தெருவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களை மன்னிப்புக் கேட்க வைத்தவருக்கு அது சுலபமாக வரவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. திரும்பி வந்து போதகர் முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் போதகர்.

"தப்புன்னு சொன்னேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு விளக்கினேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு கால் மணி நேரம் இருக்கும்."

போதகர் தலையாட்டினார். "நாளைக்குக் காலையில சாப்பிடாமப் போங்க. பசி எடுத்ததும் கேளுங்க."

"என்ன கேக்க?"

"சோறு."

"ஐயா, அவங்களுக்கே..." என்று தொடங்கிய ஞானசிகாமணி பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, "எனக்குச் சுகர் இருக்கு" என்றார்.

"அப்ப ரொம்ப நேரம் ஆகாது."

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஞானசிகாமணி அன்னத்தாயின் வாசலில் நின்றார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பசியில் காது அடைத்தது. யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னத்தாயி, பசிக்குது" என்றார்.

உள்ளே பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"சாப்பிடாமலா வந்தீங்க? சுகருக்காரர் இப்படியா வெயில்ல அலையுவாரு? சாருக்கு யாரு புத்தி சொல்றது?"

திட்டிக்கொண்டே பாய் விரித்தாள். கும்பாவில் கஞ்சி வந்தது. கஞ்சியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரி சுட்ட கருவாடு கொண்டுவந்தாள். இன்னொருத்தி துவையல் வைத்தாள். அடுத்தவள் இரண்டு சின்ன வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டு, இது ஒரு கவனிப்பா என்று தன்னையே நொந்துகொண்டாள். தெரு முழுக்க அந்த ஒற்றை அறைக்குள் வந்து நின்றது.

"நாலாங்கிளாஸ்ல என் காதைத் திருகினீங்களே, ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள் கருவாட்டுக்காரி.

"எதுக்குத் திருகினேன்?"

"பக்கத்துப் பிள்ளை டப்பாவுல கை விட்டுத் தின்னதுக்கு."

அறை அதிரச் சிரித்தார்கள். ஞானசிகாமணியும் சிரித்தார், புரையேறியது. யாரோ ஒருத்தி ஒரு கீர்த்தனையைத் தொடங்கினாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கும்பா காலியானது. போதும் என்று சொல்ல அவர் வாய் எடுத்தார். சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

அன்னத்தாய் சட்டியோடு வந்து கடைசிவரை ஊற்றினாள். அவள் முகத்தைப் பார்த்தபோது ஞானசிகாமணிக்குக் கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

கை கழுவிவிட்டு எழுந்தபோது அவர் சாக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்னத்தாயே அதை அவர் கக்கத்திலிருந்து உருவி விரித்தாள்.

"இந்த மாசம் ஒரு வேளை உலைதான், சார். அதனால பாதிக் கலயம்தான் இருக்கு. குறையா நெனைக்காதீங்க."

கவிழ்த்தாள். பழுப்பு நிற ரேஷன் அரிசி. ஏழு வீட்டுக் கலயங்களும் வரிசையாக வந்து கவிழ்ந்தன. வெங்காயக்காரி மட்டும் மறுபடி வீட்டுக்குள் ஓடி, இன்னொரு பிடி கொண்டுவந்து போட்டாள்.

லாரி வந்து நின்றிருந்தது. போதகர் மற்ற மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி தன் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். போதகர் சணல் கயிற்றால் அதன் வாயைக் கட்டத் தொடங்கினார்.

"நாளைக்கு அந்தச் சட்டியில என்ன இருக்கும்னு எனக்குத் தெரியல, ஐயா" என்றார் ஞானசிகாமணி. "ஆனா சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க. பாட்டு வேற பாடினாங்க. எனக்கு மாசம் பிறந்தா பென்ஷன் வருது. ஆனா இப்படி ஒரு நாள் என் வீட்டுல நடந்ததில்ல. இல்லாதவங்களுக்கு எங்கிருந்து ஐயா இவ்வளவு சந்தோஷம் வருது?"

போதகர் முடிச்சை இறுக்கினார். மூட்டையை லாரிக்குள் தள்ளினார். கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, நிஜமாகவே தெரியாதவரைப் போல அவரைப் பார்த்தார்.

"இல்லாதவங்கன்னு யாரைச் சொல்றீங்க, அண்ணாச்சி?"