பெயிண்ட் கடைக்காரரும் கேமரா மூடியும்

குரு என்றால் தாடி இருக்கும், காவி இருக்கும், உட்கார ஒரு மரத்தடி இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்துநாலு. பெயர் ஜெபமலர். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில், ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறவர். சீடருக்கு ஐம்பத்தாறு. இசக்கியப்பன் என்று பெயர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை டீச்சர் என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை. பொறுமைக்குத்தான் ஒரு பக்கம் பஞ்சம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சர் ஒரு ஃபிலிம் சுருளைக் கழுவி, காயப்போட்டு, சீடர் கையில் கொடுத்தார். இசக்கியப்பன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தலையிலிருந்து கால்வரை கரி. முகம் இல்லை, மூக்கு இல்லை, ஒரு கோடுகூட இல்லை.

"இந்தக் கேமரா உருப்படாது டீச்சர்" என்றார்.

டீச்சர் தன்பாட்டுக்கு மருந்துக் குப்பிகளை அலசிக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கேமராவால் அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்! புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்று செய்த சாதாரணக் கேமரா, அதுவும் இரண்டாம் கை. உடம்பெல்லாம் பிளாஸ்டிக். உள்ளே வெளிச்சத்தின் அளவைக் காட்டுகிற முள் நினைத்தால் ஏறும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் தகரக் கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம், தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கிறது. முதல் சுருள் முழுக்க ஊரைச் சுற்றி எடுத்தார். ஃபிலிமின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கு உள்ளே சரியாக மாட்டவில்லை போல. எண் காட்டுகிற இடத்தில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று, ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருந்தது. கழுவிப் பார்த்தால் வெறும் கண்ணாடி. முதல் சுருள் கண்ணாடி, இந்தச் சுருள் கரி. நல்ல முன்னேற்றம்.

ஊர்ச்சுற்றிப் படம் போனால் போகட்டும். இந்தச் சுருள் அப்படியல்ல. இதில் இருந்தது அவருடைய பேச்சியக்கா.

பேச்சியக்காவுக்கு இருபது வயதில் முகத்தில் வெண்புள்ளி வந்தது. வாயைச் சுற்றி, பிறகு கண்ணைச் சுற்றி. அன்றிலிருந்து எந்தக் கல்யாண போட்டோவிலும் அவள் மூன்றாவது வரிசையில்தான் நிற்பாள், யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது உண்டு. அது அரசாங்கத்துக்கு, போட்டோக் கணக்கில் வராது என்பாள். போன வருடம் ஒரு காதுகுத்து வீட்டில் எவனோ செல்போனில் எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் மருந்து சொன்னார்கள். ஒருத்தி எண்ணெய் பெயரே எழுதியிருந்தாள். அக்கா அதற்கு அப்புறம் செல்போனைக் கண்டாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டுவிடுவாள்.

இந்த வெள்ளிக்கிழமை அவள் மகனோடு ஆஸ்திரேலியா போகிறாள். போனால் அங்கேதான். தம்பி கையில் அவள் முகம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதற்காகத்தான் இசக்கியப்பன் இந்த ஃபிலிம் கேமராவையே வாங்கினார். இதில் எடுத்தால் உடனே தெரியாது, எவனுக்கும் அனுப்ப முடியாது, கழுவி ஒரே ஒரு பிரிண்ட் போட்டு நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன், வேறு ஒரு கண் பார்க்காது என்று கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்தார். திங்கட்கிழமை மத்தியானம் அவள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்தாள். அந்தப் படங்கள்தான் இப்போது கரியாகக் கையில் இருந்தன.

டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"நடுவுல மூடியைத் திறந்தீங்களா? வெளிச்சம் பட்டாத்தான் இப்படிக் கரியாகும்."

"லேசா."

"எத்தனை தடவை?"

இசக்கியப்பன் சுவரைப் பார்த்தார். முதல் சுருளில் சூடுபட்டவர் அவர். ஃபிலிம் நகருகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமை நகர்த்துகிற லீவரை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் சுற்றினால் ஃபிலிம் நகருகிறது என்று அர்த்தம் என்று டீச்சர் சொல்லித்தான் இருந்தார். குமிழ் சுற்றத்தான் செய்தது. ஆனால் குமிழை நம்பி அக்காவை ஒப்படைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் நாலு படத்துக்கு ஒருதரம், நகக்கண் அளவு, பின்மூடியைத் திறந்து பார்த்து மூடினார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பெயிண்ட் கடையில் முப்பது வருஷமாக அவர் கையில் ஏறிய பழக்கம் அது. கலர் கலக்கி, குலுக்கி, டப்பாவின் மூடியைத் திறந்து, மூடியின்மேல் ஒரு சொட்டு தடவி, வாடிக்கையாளர் கண்ணால் பார்த்த பிறகுதான் டப்பா கடையை விட்டு இறங்கும். திறந்து பார்க்காத டப்பா அவருக்கு டப்பாவே கிடையாது.

"திறந்து பாக்காம எப்படி டீச்சர் நம்புறது? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவருக்கே தெரிந்தது, ஆனாலும் இறக்கவில்லை.

டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு புதுச் சுருள் எடுத்தார். இருந்தது அது ஒன்றுதான். சென்னையிலிருந்து அடுத்த பார்சல் வர பத்து நாள் ஆகும், இதை விட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஃபிலிம் கிடையாது என்று சொல்லிக்கொண்டே, அவருடைய கேமராவை வாங்கி, ஃபிலிமின் நாக்கை இழுத்து, பல்லில் மாட்டி, மூடியைச் சாத்தினார். லீவரை இழுத்தார். இடதுபக்கக் குமிழ் சுற்றிற்று. இசக்கியப்பனும் கண்ணால் பார்த்தார்.

"மாட்டியாச்சு, அண்ணாச்சி."

"நல்லா மாட்டியிருக்கா டீச்சர்?"

டீச்சர் பட்டென்று மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினார். ஃபிலிம் பல்லில் அழகாக உட்கார்ந்திருந்தது. ட்யூப்லைட் வெளிச்சம் அதன்மேல் கொட்டிற்று. மறுபடி மூடினார். வெளிச்சம் பட்ட இடம் தாண்டட்டும் என்று லீவரை நாலு தடவை இழுத்தார். குமிழ் சுற்றிற்று.

"மாட்டியாச்சு" என்றார் மறுபடியும்.

இசக்கியப்பன் அந்த நாலு இழுப்பையும் விரல் விட்டு எண்ணினார். போனது அக்காவின் நாலு படமல்லவா. ஆனால் பாருங்கள், மனுஷன் வாய் சும்மா இருக்கிறதா? இப்போது திறந்து மூடினீர்களே, அதில் ஃபிலிம் நழுவியிருக்காதே என்று கேட்டுவிட்டார்.

டீச்சர் மறுபடி திறந்தார், காட்டினார், மூடினார். மறுபடி நாலு இழுப்பு. கோபப்பட்டுச் செய்திருந்தால்கூட அவருக்குத் திட்டச் சௌகரியமாக இருந்திருக்கும். கேட்டதற்கு வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரி அவ்வளவு அடக்கமாகச் செய்தார் அந்தப் பெண்.

இசக்கியப்பன் மறுபடி வாயெடுத்தார். டீச்சரின் விரல் மூடியின் கொக்கிமேல் போயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மிச்சம் இருக்கு" என்று கேமராவை நீட்டினார் டீச்சர். "போய்ட்டு வாங்க."

படியிறங்கும்போது இசக்கியப்பன் மனசுக்குள் டீச்சரை நன்றாகவே திட்டினார். கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் சொல்லத் தெரியவில்லை, இருந்த ஒரே சுருளையும் பாதி பாழாக்கிக் கொடுக்கிறாள், இவளெல்லாம் ஒரு டீச்சர். கடைக்குப் போனதும் முதல் வேலையாக, சுவருக்கு வர்ணம் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற தாள் டேப்பை எடுத்து, கேமராவின் பின்மூடியைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டினார். தன் கைமேல் அவருக்கே நம்பிக்கையில்லை.

புதன்கிழமை மத்தியானம் அக்கா மறுபடி உட்காரச் சம்மதிப்பாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டுதான் போனார். முதலில் எடுத்ததெல்லாம் கரியாகிவிட்டது என்று உள்ளதைச் சொன்னார். அவள் கையிலிருந்த சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டி பாதி கட்டினபடி இருந்தது, மகன் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"ஏல, இதுல எடுத்த உடனே பாக்க முடியாதுல்லா?"

"முடியாதுக்கா."

"அதனாலதாம்ல உக்காருதேன்."

முந்தானையை எடுத்தாள். இசக்கியப்பன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். உள்ளே முள் வழக்கம்போலப் படுத்துக்கொண்டது. தட்டினார், எழும்பியது. லீவரை இழுத்தார். குமிழ் சுற்றியதா? சுற்றிற்று. சரியாகச் சுற்றியதா? விரல் தன்பாட்டுக்குப் பின்மூடிக்குப் போய், டேப்பைச் சுரண்டத் தொடங்கிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னத்துக்குல அதுக்குக் கட்டுப் போட்டிருக்க? அடிபட்டுட்டா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவருக்கு அழுகைதான் வந்தது. அந்த வேகத்திலேயே பொத்தானை அழுத்தினார். தகரக் கதவு சாத்திக்கொண்டது. அவள் இன்னும் சிரித்தாள். எடுத்துக்கொண்டே போனார், லீவர் இனிமேல் நகராது என்று நிற்கும்வரை எடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் நேரே மாடிக்குப் போனார். டீச்சரிடம் ஒரு சங்கடம் சொன்னார். வேறு ஒரு கண் பார்க்காது என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், போன சுருளைக் கொடுத்தபோது யோசிக்கவில்லை, கழுவும்போது நீங்கள் பார்ப்பீர்களே என்றார். டீச்சர் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அப்படியானால் நீங்களே கழுவுங்கள், நான் வெளியே நின்று சொல்லுகிறேன் என்றார்.

டீச்சரின் இருட்டறை முன்னால் குளியலறையாக இருந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது. அந்த இருட்டில் சுருளை உருவி, கையால் தடவித் தடவி ரீலில் சுற்ற வேண்டும். இரண்டு தடவை மடங்கிற்று. மூன்றாவது தடவை கீழே விழுந்து, அவர் குனிந்து துழாவி, குழாயில் மண்டையை இடித்துக்கொண்டார். இந்தக் கேமரா செய்தவன், வாங்கச் சொன்னவன், விற்றவன் எல்லாரையும் வரிசையாக ஏசினார். வெளியே டீச்சர் பொறுமையாக, அவசரமில்லை அண்ணாச்சி, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ரீல் சுற்றிக்கொண்டது. வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடினார்.

விளக்கைப் போட்டுக்கொண்டு, டீச்சர் சொன்னபடி ஒவ்வொரு மருந்தாக ஊற்றிக் குலுக்கினார். அந்த டப்பாவுக்கும் ஒரு மூடி. உள்ளே என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டு தடவை கை மூடிக்குப் போயிற்று. இரண்டு தடவையும் அவரே தன் கையை அடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, இனித் திறக்கலாம் என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவர் போய் வாசல் பக்கம் பார்த்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

இசக்கியப்பன் திறந்தார். ஈரம் சொட்டச் சொட்டச் சுருளை உருவி, ஜன்னலுக்கு நேரே பிடித்தார். முன்பகுதி கொஞ்சம் கரி, அது டீச்சர் திறந்து காட்டிய இடம். அதைத் தாண்டினால் வரிசையாகப் படம். விழுந்திருந்தது.

கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் சுருங்கிப்போயிற்று. நெகட்டிவ் என்றால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அக்காவின் முகத்தில் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். வாயைச் சுற்றியிருந்த வெள்ளை கறுப்பாக இருந்தது. கண்ணைச் சுற்றியும் அப்படியே. அவளுடைய மாநிறம் இருந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. சுருளைத் திருப்பிப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்கு எரிச்சல் கிளம்பிற்று. இவ்வளவு பாடும் பட்டு, கடைசியில் இதிலேயும் இந்தக் கேமரா ஒரு வம்பு பண்ணிவிட்டதே.

"டீச்சர், இதுல எது அக்கா நிறம், எது அந்தப் புள்ளின்னே எனக்குப் பிடிபடல" என்றார்.

டீச்சர் திரும்பவில்லை. வாசலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அக்கா தெரியுதாங்களா, அண்ணாச்சி?"

இசக்கியப்பன் சுருளை மறுபடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.