பதினைந்தாவது மீட்டர்

ஒரு ஊரில் ஒரு புது வீடு. அந்த வீட்டில் இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை, அதற்குள் சண்டை வந்துவிட்டது.

சண்டை மனிதர்களுக்குள் இல்லை, விளக்குகளுக்குள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் வீரசேகரன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. ஃபேன் சுற்றுவதும் விளக்கு எரிவதும் கைப்பேசிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவன் ஆசை. ஹால் கூரையின் விளிம்பில் ஒட்ட எல்.இ.டி. பட்டை வாங்கினான். சுருளுக்கு ஐந்து மீட்டர், மொத்தம் மூன்று சுருள். மூன்றையும் ஒன்றின் வாலில் ஒன்றாக இணைத்து, ஒரே சரமாக ஓட்டிவிட்டான்.

டிவி அலமாரிக்குப் பின்னால் கன்ட்ரோலர். சரம் அங்கே புறப்பட்டு ஹாலைச் சுற்றும், சாப்பாட்டு மேஜைக்கு மேலே போகும், கடைசியில் சமையலறைக்குள் நுழைந்து அடுப்புமேடைக்கு நேர் மேலே முடியும். வருகிற ஆட்கள் ஹாலில்தானே உட்காருவார்கள்? அதனால் ஹாலுக்கு முதலில், சமையல்கட்டுக்கு மிச்சம் மீதி. அங்கே நாளெல்லாம் நிற்கப்போகிறவள் நான் என்று அவன் மனைவி பூங்கோதை சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒரே சரம்தானே, எங்கே எரிந்தால் என்ன என்று அவன் அவள் வாயை அடைத்துவிட்டான்.

கன்ட்ரோலர் சோப்புக்கட்டி அளவுப் பெட்டிதான். ஆனால் கைப்பேசியோடு நேரடியாகப் பேசுகிற வாய் அந்த வீட்டில் தனக்கு மட்டும் என்பதால், தரையில் கால் பாவாமல் இருந்தது. காலையிலிருந்து சரத்தை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. நீலம் என்றது, எல்லோரும் நீலமானார்கள். சிவப்பு என்றது, சிவந்தார்கள். சாயங்காலம் வெள்ளை என்று கட்டளையிட்டது. முதல் மீட்டர் பாலாய் ஒளிர்ந்தது. ஐந்தாவது, பத்தாவது வரைக்கும் குறையில்லை. சமையலறை மூலையில் இருந்த பதினைந்தாவது மட்டும் செங்கல் தூளைக் கரைத்த மாதிரி மங்கலாக எரிந்தது.

அதைத்தான் மற்றவர்கள் கடைக்குட்டி என்று கூப்பிட்டார்கள்.

கன்ட்ரோலர் மறுபடி வெள்ளை என்றது. கடைக்குட்டி தம் பிடித்துப் பார்த்தது. தன்னிடம் வந்து சேர்ந்ததில் ஒரு துளியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அப்படியும் செங்கல் தூள்தான். ஹால் பக்கமிருந்து சிரிப்பு கேட்டது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, நம்மோடு பிறந்ததுக்கு மட்டும் இந்தச் சோம்பல் எங்கிருந்து வந்தது என்று முதல் மீட்டர் கேட்டது. பக்கத்திலேயே இருந்த பதினாலாவது, என் மேல் உன் நிறம் பட்டுவிடப் போகிறது, தள்ளிக்கொள் என்றது. ஒட்டிய பட்டை எங்கே தள்ளிக்கொள்வது?

வீரசேகரன் ஏணியில் ஏறிப் பார்த்தான். கடைசி மீட்டர் மட்டும் மட்டச் சரக்கு என்று முடிவுகட்டினான். அதைக் கத்தரித்து எறிந்துவிடுவது, அந்த இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டிவிடுவது. நாளைக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், பேச நேரமில்லை. கத்தரிக்கோல் எங்கே என்று தேடிக்கொண்டு போனான்.

அவன் வருவதற்குள் கன்ட்ரோலர் குரலைத் தாழ்த்தியது.

"உனக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லோரையும் அரைவாசிக்கும் கீழே மங்க வைக்கிறேன். அப்போது உன் சிவப்பு பளிச்சென்று தெரியாது. விசேஷம் முடிகிறவரைக்கும் நீ கூரையில் இருக்கலாம். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குறை என் உடம்பில்தான் இருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடு."

ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன் என்று பத்தாவது மீட்டர் கெஞ்சியது.

கடைக்குட்டிக்கும் பயம் இல்லாமல் இல்லை. இங்கே வெட்டலாம் என்று தன் உடம்பில் அச்சடித்திருந்த சின்னக் கத்தரிக்கோல் படத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டது.

"சட்டியில இருந்தாத்தானே ஐயா அகப்பையில வரும்?" என்றது. "வழியில பதினாலு பேர் குடிச்ச பிறகு எனக்கு என்ன வருதுன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா? வந்ததை நான் முழுசா எரிக்கிறேன். இல்லாத குறையை இருக்குன்னு சொல்லி இந்தக் கூரையில ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டேன். மங்க வைக்காதீங்க. அவங்க பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும்."

கன்ட்ரோலர் மங்க வைக்கவில்லை. கத்தரிக்கோல் வந்தது, ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைக்குட்டி அடுப்புமேடையில் சுருண்டு விழுந்தது.

வீரசேகரன் ஏணியிலிருந்து இறங்கி, அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. இப்போது பதினாலாவது சிவப்பாகத் தெரிந்தது. அது புதிதாகச் சிவக்கவில்லை. பக்கத்தில் தன்னைவிட மங்கலாக ஒன்று இருந்தவரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தது, அந்த ஒன்று போனதும் அதன் உண்மை நிறம் தெரிந்துவிட்டது. இதுவும் மட்டச் சரக்குதான் போல, இதையும் நறுக்க வேண்டியதுதான் என்று அவன் மறுபடி ஏணியில் கால் வைத்தான்.

பதினாலாவது நடுநடுங்கியது. கன்ட்ரோலர் அதனிடமும் அதே பேரத்தை அவிழ்த்தது. குறை என்னுடையது என்று சொல்ல அது வாயைத் திறக்கும்போது, கீழே மேடையிலிருந்து குரல் வந்தது.

"ஒத்துக்காதே அக்கா. நீ ஒத்துக்கிட்டா நாளைக்குப் பதிமூணுகிட்ட வருவாங்க."

தள்ளிக்கொள் என்று விரட்டியவளைத்தான் அது அக்கா என்றது. பதினாலாவது வாயை மூடிக்கொண்டது. கன்ட்ரோலர் மூன்று முறை கேட்டது, பதில் வரவில்லை.

அந்த நேரம் பூங்கோதை பாத்திரங்களோடு சமையலறைக்குள் வந்தாள். மேடையில் கிடந்த துண்டை எடுத்துக் குப்பைச் சாக்கில் போடப் போனவள், கூரையைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தனை நேரம் அது நல்லாத்தானே எரிஞ்சுது? இதை அறுத்ததும் அதுக்கு என்ன நோவு?"

எதையும் எறிவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது அவள் பழக்கம். தேங்காய் மூடியைக்கூட அவள் மோந்து பார்த்துத்தான் எறிவாள். துண்டை ஹாலுக்கு எடுத்துப்போய், அவனையே கன்ட்ரோலர் வாயில் நேராக மாட்டச் சொன்னாள். வேண்டாவெறுப்பாக மாட்டினான்.

கடைக்குட்டி எரிந்தது. கண் கூசுகிற வெள்ளை. முதல் மீட்டரே தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டது.

பூங்கோதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பா வயல் கடைமடைங்க. மேல உள்ளவங்க பாய்ச்சின பிறகு சொட்டுத் தண்ணி வந்தாலே அதிசயம். பயிர் வாடுச்சுன்னா நாங்க வாய்க்காலைத்தான் போய்ப் பார்ப்போம். நீங்க என்னடான்னா கதிரரிவாளைத் தூக்கிக்கிட்டு பயிரை அறுக்க நிக்கிறீங்க."

வீரசேகரனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சரி, இப்போ என்ன செய்யச் சொல்றே என்றான். அவள் டிவி அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டினாள். சரம் வீட்டைச் சுற்றி வந்தால்தான் பதினைந்து மீட்டர். அடுப்புமேடை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி. கன்ட்ரோலரில் தொடங்கிய சரம் வீட்டைச் சுற்றிவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னாலேயே வந்து முடிந்திருந்தது. திட்டத்தைக் கைப்பேசியில் வரைந்தவன் அதைச் சுவரில் பார்க்கவில்லை.

ஒரே ஒரு துளை போட்டார்கள். கடைக்குட்டியைப் பழைய இடத்தில் இணைத்து, அதன் வால் பக்கத்துக்குத் துளை வழியாகத் தனியாகத் தடித்த வயர் இழுத்தார்கள். இப்போது இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தது. நடுவில் இருப்பவர்களுக்குக் கடுகளவு குறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்புமேடை முழுக்க வெள்ளை கொட்டியது. நாளைக்குப் பால் பொங்கும்போது பானையின் விளிம்புகூடத் தெரியும் என்றாள் பூங்கோதை.

அவர்கள் விளக்கை எரியவிட்டுக் கோலப்பொடி எடுக்கப் போனபிறகு, கன்ட்ரோலர் தொண்டையைச் செருமியது. சரம் முழுக்கக் கேட்கும்படி, பெருந்தன்மையாகப் பேசியது.

"கடைக்குட்டி, நீ எதிர்த்துப் பேசியதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்."

கடைக்குட்டி கொஞ்சமும் மங்காமல் சொன்னது:

"மன்னிக்க வேண்டியது நான். நீங்க முதல்ல கேளுங்க, நான் யோசிச்சுச் சொல்றேன்."