பதினோரு முறை முன்னால்

"அது என் பேச்சைக் கேக்க மாட்டேங்கும்மா," என்றார் தவசிக்கனி.

தூத்துக்குடியில் டிரெய்லர்கள் நிற்கும் பொட்டல் அது. ரெஜினா குனிந்து ஒரு சக்கரத்தின் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாகத் துறைமுகத்து டிரெய்லர் ஓட்டுகிறவள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவருக்கு ஐம்பத்தெட்டு.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் தவசிக்கனி. இப்போது ஓர் அறக்கட்டளையின் கண் பரிசோதனைக் கேரவனை ஜீப்பில் பூட்டி ஊர் ஊராக இழுத்துப் போகிறார். உள்ளே சோதனை நடக்கும்போது ஆடக் கூடாது என்று, அதன் முன்சக்கர ஜோடியையும் பின்சக்கர ஜோடியையும் வெகுவாக விலக்கி வைத்துக் கட்டியிருந்தார்கள்.

நேர் ரோட்டில் பிசகாமல் வரும். பின்னால் எடுத்தால் திரும்பாது.

போன மாதம் கீழச்செம்பூரில், சந்துக்குள் அதைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டார். ஒரு டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. முகாம் நடக்கவில்லை. காத்திருந்த நாற்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

வருகிற வியாழக்கிழமை மறுபடி அதே ஊர். இதுவும் தவறினால் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அதையும் ரெஜினாவிடம் சொல்லி, பின்னால் எடுக்கக் கற்றுத்தரக் கேட்டார்.

அவள் இரண்டு தகர டிரம்களை எடுத்து வைத்தாள். கேரவனைப் பின்னால் எடுத்து நடுவில் விடச் சொன்னாள்.

அவர் ஒடித்தார். சரளைக்கல் நெரிபட்டது.

நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கச் சொன்னாள்.

கேரவனின் முன்டயர் ஒரு பக்கம் பிதுங்கி நின்றது. பின்டயர் மறுபக்கம்.

"இதுல எது தப்புப் பண்ணுது அண்ணாச்சி?"

பின்டயர்தான் என்றார். அவள் மறுபடி ஓட்டச் சொன்னாள், மறுபடி இறங்கச் சொன்னாள். இந்தத் தடவை முன்டயர் என்றார்.

சாயங்காலம் வரை இதே வேலை. கடைசியில் அவர் சரளையில் உட்கார்ந்து, இரண்டு டயரையும் நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் நேராத்தாம்மா போகப் பாக்குது."

"சரி. தள்ளி உக்காருங்க."

ஜீப்பில் அவள் ஏறினாள். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி, ஒரு முழம் பின்னால் விட்டாள். நிறுத்தினாள். முன்னால் போனாள், டயர்களின் பிதுக்கம் போய் வண்டி நேராகும் வரை போனாள். மறுபடி ஒரு முழம். மறுபடி முன்னால்.

தவசிக்கனி எண்ணினார். பதினோரு முறை முன்னால் போனாள். ஓட்டத் தெரியாதவள் என்று அவருக்குத் தோன்றியது. அவர் காலத்தில் பின்னால் எடுக்கும்போது ஒரு தடவை முன்னால் போனாலே கிளீனர்கள் சிரிப்பார்கள்.

அதைச் சொல்லவும் செய்தார்.

அவள் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க நிக்குன்னு பாருங்க."

இரண்டு டிரம்களுக்கும் நடுவே நின்றது. இரு பக்கமும் ஒரு சாண் இடைவெளி.

வியாழக்கிழமை காலை கீழச்செம்பூர் சந்து முனைக்கு ஜீப் வந்தது. சந்துக்குள்ளே, முகாம் நடக்கும் சமுதாயக்கூடத்து வாசலில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். போன தடவையைவிடக் குறைவு. பாதிப் பேர் நம்பி வரவில்லை.

தவசிக்கனி பின்னால் விட்டார். ஒரு முழம் போனது. இன்னும் ஒரு முழம். சுவர் நெருங்கியது.

கை தானாக ஒடிக்கப் போனது.

நிறுத்தினார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

கியரை மாற்றி முன்னால் எடுத்தார். சந்துக்கு வெளியே வந்து, மெயின் ரோட்டுக்கே வண்டியைக் கொண்டுபோனார்.

ரோட்டோரம் ஒருவர் மகளின் தோளைப் பிடித்து நின்றிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. எஞ்சின் சத்தம் தன்னைக் கடந்து போவதைக் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"இன்னைக்கும் போயிருதீங்களாய்யா?"

தவசிக்கனி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வர்றதுக்குத்தான் போறேன்," என்றார்.