கண் திறக்காத சிங்கம்

வேம்பனூர் ஜமீனில் நடந்த கூத்து இது. ஜமீன்தார் கேட்டபடி, கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு சிங்கம் செதுக்கிய நாற்காலியைச் சபையில் கொண்டுவந்து வைத்தார் சங்கிலியாசாரி. ஜமீன்தார் சுற்றிவந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் மரம். நான் கேட்டது உயிருள்ள சிங்கம்! எடுங்கடா இவன் கட்டைவிரலை!"

அரிவாளோடு ஒருவன் வந்து நின்றான். கட்டைவிரல் போனால் உளியை எப்படிப் பிடிப்பது? ஆசாரி உளியை எடுத்தார்.

"எஜமான், சிங்கத்துக்கு இன்னும் கண் திறக்கலை, அதான் உயிர் வரலை. கண் திறந்ததும் விழுற முதல் பார்வை பொல்லாதது. சாமி சிலைக்கே எதிரில பசுவைத்தான் நிறுத்துவோம், மனுசரை நிறுத்த மாட்டோம். இது வெறும் மரம்தானே, நீங்களே எதிரில நில்லுங்க."

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஜமீன்தார் எதிரே வந்து நின்றார். ஆசாரி சிங்கத்தின் இமையில் உளியை வைத்து, மரச்சுத்தியலான கொட்டாப்புளியை ஓங்கினார்.

"நிறுத்துடா!"

சத்தம் சபையில் நின்ற கணக்குப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஜமீன்தார் அங்கே பதுங்கியிருந்தார்.

ஆசாரி கையை இறக்கினார். "வெறும் மரத்துக்கா எஜமான் ஒளியுறீங்க?"

களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. சிரித்தவன் அரிவாள்காரன்.