சுருக் என்றால் என்ன?

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பொன்னுமணி ஆசானிடம் தவசிமுத்து சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆசானைவிட இரண்டு வயது மூத்தவர். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்த பழக்கம் லேசில் விடுமா? நோயாளிகள் சொல்லும் சொற்களையெல்லாம் நோட்டில் எழுதி, எதிரே பொருளும் எழுதி வைத்தார். ‘சுருக்: எலும்பு கூடுகிறது’ என்று அதில் ஒரு வரி.

ஒரு நாள் ஆசான் எண்ணெய் வாங்கப் போன நேரத்தில், புரோட்டா மாஸ்டர் சுடலைமணி வலது முன்கை முறிந்து வந்தார். தவசிமுத்துவே துணிந்து மூங்கில் பட்டைகளைத் தப்பையாக வைத்து, கை அசையவே கூடாதென்று இறுக்கிக் கட்டினார். அவருடைய முதல் கட்டு. தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு.

மதியம் சுடலைமணி முனகினார். “அண்ணாச்சி, விரலெல்லாம் சுருக் சுருக்குன்னு குத்துது.”

“எலும்பு கூடுதுவே. பொறுத்துக்கிடும்.”

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. “இப்பம் ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி. சுகமா இருக்கு.”

தவசிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

திரும்பி வந்த ஆசான் சுடலைமணியின் வெளுத்த விரல்களைப் பார்த்தார். கத்தியை எடுத்துக் கட்டை அறுத்தெறிந்தார்.

தவசிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. “வலி நின்னு சுகமா இருக்கையில ஏன் ஆசானே அறுத்தீங்க?”

ஆசான் சுடலைமணியின் மணிக்கட்டில் நாடி பார்த்தபடியே சொன்னார். “அறுந்த கட்டுலயிருந்து ஒரு நூலை எடுத்து உம்ம சுண்டுவிரல்ல சுத்தும். நீரு கட்டுன மாதிரியே இறுக்கும்.”

சுற்றினார்.

“என்ன செய்யுது?”

“விண்ணு விண்ணுங்குது.”

ஆசான் காத்திருந்தார். “இப்பம்?”

“சுருக் சுருக்குங்குது.”

இன்னும் காத்திருந்தார். “இப்பம்?”

“ஒண்ணும் தெரியல ஆசானே.”

“சுகமா இருக்கா?”

தவசிமுத்து தன் வெளுத்த விரலைப் பார்த்தார். சுடலைமணியின் கையைப் பார்த்தார். ஒரு குடும்பத்துக்கே சோறு போடும் கை. நூலை அவிழ்த்தார்.

“அவரு கை போயிருமா ஆசானே?”

ஆசான் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அய்யோ!” என்று துள்ளினார் சுடலைமணி. “குத்துதே! சுருக் சுருக்குன்னு குத்துதே!”

விரல் நுனிகளில் சிவப்பு ஏறியது. தவசிமுத்துவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுகை ஓய்ந்த பிறகுதான் கேட்டார்.

“ரத்தம் போறப்பவும் சுருக்குங்குது, வாறப்பவும் சுருக்குங்குது. அப்பம் அதுக்கு என்னதான் அர்த்தம் ஆசானே?”

“‘எந்திரிச்சு வந்து என்னையப் பாரு’ன்னு அர்த்தம்.”