சடைச்சி சேர்த்து வைத்த கோடை

மலையடிவாரக் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். பங்குனி வெயில் தொடங்கியதும் அவள் பாறைக் குகையை விட்டு இறங்கி ஆற்றுக்கு வந்தாள். அவள் முதுகில் இரண்டு குட்டிகள் உட்கார்ந்திருந்தன. முன்னால் பொம்மி, பின்னால் அவள் தம்பி உருண்டை. இரண்டும் தாயின் பிடரி மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு, வழியில் கண்டதையெல்லாம் "அது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டே வந்தன.

கரடிக் குட்டிகள் தாயின் முதுகில் சவாரி போவது காட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அது முதல் கோடைக்கு மட்டும்தான். மழை வந்து காடு பச்சை பிடிப்பதற்குள் குட்டிகள் கனத்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கரடியாலும் குட்டியைச் சுமக்க முடியாது. இது சடைச்சிக்கும் நன்றாகத் தெரியும்.

ஆற்றில் தண்ணீர் வற்றி ஒரே ஒரு மடுவில் மட்டும் தேங்கி நின்றது. மடுவின் ஓரத்தில் நல்ல குழைந்த சேறு. அங்கே பேச்சி என்ற காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு வந்து டேரா போட்டிருந்தாள். முதுகில் வரிவரியாகக் கோடு போட்ட அந்தக் குட்டிகள் கரைமேல் ஓடிப்போய், சர்ரென்று சறுக்கிச் சேற்றில் விழுந்து, எழுந்து, மறுபடியும் மேலே ஓடின. விழாமல் சறுக்கும் குட்டிக்கு ஒரு இலந்தைப்பழம் என்று பேச்சி சொல்லியிருந்தாள். விழுந்த குட்டிக்கும் பாவம் என்று ஒன்று கொடுத்தாள். அதனால் யாரும் விழாமல் இருக்க முயற்சி எடுக்கவில்லை.

கரடிக் குட்டிகளுக்கு நாக்கிலும் எச்சில் ஊறியது, காலும் துறுதுறுத்தது.

"அம்மா, நாங்களும் சறுக்குறோம்மா" என்றாள் பொம்மி.

"இறக்கி விடுக்கா, பிள்ளைங்கதானே, விளையாடட்டும்" என்று பேச்சியும் கூப்பிட்டாள்.

சடைச்சி குனிந்து குட்டிகளை இறக்கப் போனாள். அப்போதுதான் புதர் மறைவிலிருந்து வாலன் எழுந்து வந்தான். வாலன் ஒரு நரி. கோடையில் நரிக்குச் சாப்பாட்டுப் பாடு பெரும்பாடு. தேன்கூடு எட்டாத உயரத்தில் தொங்கும். பனை ஏறவும் நரிக்கு வராது. கரடிக்கு இரண்டும் வரும். இதை யோசித்துக்கொண்டுதான் அவன் காலையிலிருந்து அந்தப் புதரில் படுத்திருந்தான்.

"சடைச்சியம்மா, உங்க பிள்ளைங்களைப் போயி சேத்துலயா விடுறீங்க?" என்றான் வாலன்.

சடைச்சி நின்றுவிட்டாள்.

நரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். பன்றிகளுக்கு வேறு வழியில்லை, சேறுதான் கதி என்றான். சடைச்சிக்கு அப்படியா? தேன், இலுப்பைப்பூ, நுங்கு, மாம்பழம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் பெரிய கோடை விருந்தாகப் போட்டால் காடே வாயைப் பிளக்கும் என்றான். சாமானைச் சேர்த்து வைக்க ஆலமரத்தடியில் நல்ல பாறைப் பொந்து இருக்கிறதாம். காவலுக்குத் தானே இருப்பானாம், கூலிகூட வேண்டாமாம்.

சடைச்சி நல்ல தாய்தான். ஆனால் எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவளுக்குச் செய்த மாதிரி இருக்கும். நாலு பேர் பார்த்து மெச்சாத காரியம் அவளுக்குக் காரியமே இல்லை. நரி சரியான இடத்தில் கையை வைத்துவிட்டான்.

"சேறு வேண்டாம், கண்ணுகளா. உங்களுக்கு அம்மா பெரிய விருந்து வைக்கப் போறேன்" என்று சொல்லிக் குட்டிகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. விடியற்காலையில் இலுப்பை மரத்தடியில் பூக்கள் கொட்டிக் கிடந்தன. குட்டிகள் தாவி இறங்கி வாயில் அள்ளிப் போடப் போயின. சடைச்சி தடுத்துவிட்டாள். எல்லாம் விருந்துக்கு என்றாள். தேனடையை எடுத்தபோது உருண்டை நாக்கை நீட்டிக்கொண்டு கீழே நின்றான். ஒரு சொட்டு விழுந்திருந்தால் அவன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்திருப்பான். சடைச்சி ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இறங்கினாள்.

சித்திரை பிறந்ததும் நுங்கு வந்தது. சடைச்சி பனைமேல் ஏறிக் குலைகுலையாகத் தள்ளினாள். அவற்றை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டபோது குட்டிகளுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

"நாங்க எங்கம்மா உக்கார்றது?" என்று கேட்டான் உருண்டை.

"இன்னைக்கு நடந்து வாங்க. விருந்தன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு, இந்தக் காடு முழுக்க ஊர்வலம் போறேன்."

குட்டிகள் பின்னாலேயே நடந்து வந்தன. பாறை சுட்டது. நிழலுக்கு நிழல் ஓடி நின்று, கால் ஆறியதும் அடுத்த நிழலுக்கு ஓடின. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் குலை சரிந்துவிடும்.

பிறகு தினமும் ஏதாவது ஒரு சுமை இருந்தது. நடந்து வந்து குட்டிகளின் கால் புண்ணானதும் சடைச்சி அவற்றைக் குகையிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினாள். குகைக்குள் இருந்து பார்த்தால் தூரத்தில் மடு தெரியும். பன்றிக் குட்டிகள் போடும் கூச்சலும் கேட்கும். சேற்றில் சறுக்கிச் சலித்துப் போன குட்டிகள் இப்போது காலி நுங்குக் கூட்டை மூக்கால் உருட்டிப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தன. அந்த நுங்கு காற்றில் தானாக விழுந்தது. பேச்சி அதைக் கண்ட இடத்திலேயே உடைத்து, ஆளுக்கொரு கண் உறிஞ்சக் கொடுத்திருந்தாள்.

மத்தியானத்தில் சடைச்சி களைத்துப் போய் வந்து குப்புறப் படுத்துத் தூங்குவாள். அப்போது அந்த முதுகில் சுமை ஒன்றும் இருக்காது. பொம்மியும் உருண்டையும் சத்தமில்லாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"இப்ப ஆறு வந்துடுச்சு" என்பாள் பொம்மி மெல்ல.

"இப்ப மடு. பன்னிக்குட்டி எல்லாம் நம்மளப் பாக்குது" என்பான் உருண்டை.

தூங்குகிற தாயின் முதுகில் இருந்தபடியே அவை காடெல்லாம் சுற்றிவிட்டு வரும். ஒருநாள் சடைச்சிக்குப் பாதித் தூக்கத்தில் அது காதில் விழுந்தது. பாவம், எவ்வளவு ஆசை என்று நினைத்தாள். எழுந்து நாலு அடி நடந்திருந்தால் போதும். ஆனால் விருந்துதான் வரப்போகிறதே என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வருகிற இடம் இதுதான்.

அங்கே பாறைப் பொந்தில் வாலன் தன் காவல் வேலையைச் சிரத்தையாகப் பார்த்து வந்தான். பொந்தின் வாயைத் தேக்கிலை போட்டு மூடி வைத்திருந்தான். வெயில் பட்டால் பண்டம் கெட்டுவிடும், அடிக்கடி திறக்கக் கூடாது என்று சடைச்சிக்குச் சட்டம் போட்டிருந்தான். அவள் கொண்டு வருவதை வாசலிலேயே வாங்கி உள்ளே தள்ளுவான். அவள் தலை மறைந்ததும் தானும் உள்ளே போவான். வெளியே வரும்போது மூக்கெல்லாம் தேனாக இருக்கும்.

விருந்துக்கு நாள் குறிக்கலாமா என்று சடைச்சி கேட்டாள். மாம்பழம் இல்லாமல் அது என்ன விருந்து என்றான் வாலன். வைகாசியில் மாம்பழமும் வந்தது. மறுபடி கேட்டாள். பலாப்பழத்தை விட்டுவிட்டால் மலைமேல் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றான். சடைச்சி பலா மரத்தைத் தேடி மலையேறி, பழத்தைச் சுமந்து வந்தாள்.

ஒருநாள் பொந்திலிருந்து புளித்த வாடை வந்தது. சடைச்சி மூக்கைச் சுருக்கினாள்.

"பண்டமெல்லாம் பதமாகுது, சடைச்சியம்மா" என்றான் வாலன், கொஞ்சமும் கூசாமல்.

ஆனி மாதம் பாதி போனது. மேற்கே மேகம் ஏறியது. இனியும் தள்ளினால் மழை வந்துவிடும் என்று சடைச்சி தானே நாள் குறித்துவிட்டாள். மான், முயல், மயில், மந்தி என்று எல்லோரையும் குடும்பத்தோடு அழைத்தாள். பேச்சியையும் அழைத்தாள். சேற்றில் புரளுகிறவளும் வந்து பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

எல்லோரும் ஆலமரத்தடியில் கூடினார்கள். குஞ்சு குட்டிகள் முன்வரிசையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. வாலனை மட்டும் காணவில்லை. சடைச்சி பெருமையாக நடந்துபோய்த் தேக்கிலைகளை இழுத்து எறிந்தாள்.

குப்பென்று அடித்த வாடையில் மயில் பின்வாங்கியது. உள்ளே முதலில் வைத்த நுங்கெல்லாம் அழுகிப் புளித்துக் கிடந்தது. பிறகு கொண்டு வந்தது மரத்திலேயே முற்றிப்போன காய், பல் இறங்கவில்லை. தேனடையில் தேன் இல்லை, எறும்புதான் இருந்தது. மாம்பழம் தோலும் கொட்டையுமாக இருந்தது. நுங்கின் தண்ணீர் இறங்கி ஊறிய இலுப்பைப்பூ பொந்தின் அடியில் கள்ளாக நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த நுரைக்குள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு வாலன் மல்லாந்து கிடந்தான். முந்தின நாள் குடித்தது இன்னும் இறங்கவில்லை.

கண்ணைத் திறந்து சடைச்சியைப் பார்த்தான். இரண்டு சடைச்சிகளைப் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சடைச்சியம்மா, விருந்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. பலாப்பழத்தை நான் இன்னும் முடிக்கல" என்றான் குழறிக் குழறி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆலமரத்துக் கிளிகளெல்லாம் எழுந்து பறந்தன. சடைச்சி விட்ட அறையில் வாலனுக்குப் பாதி போதை தெளிந்தது. மீதிப் போதையோடு அவன் வளைந்து வளைந்து ஓடி, வழியில் இரண்டு மரத்தில் முட்டிக்கொண்டு, காட்டைவிட்டே போனான். வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பேச்சி மட்டும் சிரிக்காமல் ஓரமாக நின்றாள்.

சடைச்சிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் குட்டிகளிடம் திரும்பினாள். பண்டம் போனால் போகட்டும், சொன்ன ஊர்வலம் இருக்கிறதே.

"ஏறுங்க, கண்ணுகளா. அம்மா உங்களைக் காடு முழுக்கச் சுத்திக் காட்டுறேன்" என்று குனிந்தாள்.

உருண்டை ஏறினான். முதுகு நிறைந்துவிட்டது. பொம்மி காலை வைத்ததும் இரண்டும் சேர்ந்து சரிந்து கீழே விழுந்தன. மறுபடி ஏறின. இந்தத் தடவை பொம்மியின் பின்னங்கால் தரையில் இழுபட்டது. சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். அடுத்த அடி வரவில்லை, முட்டி மடங்கிவிட்டது.

பொம்மி இறங்கித் தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பரவால்லம்மா. நாங்க நடந்து பழகிட்டோம்" என்றாள்.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நரி தின்றதும் காடு சிரித்ததும் சடைச்சிக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இது வலித்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காற்று பலமாக அடித்தது. ஆலமரத்துக்குப் பக்கத்திலிருந்த நாவல் மரத்திலிருந்து பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. குட்டிகள் ஓடிப்போய்ப் பொறுக்கின. ஆனால் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. எல்லாவற்றையும் ஓர் இலையில் வைத்துக் கவ்விக் கொண்டுவந்து தாயின் முன்னால் வைத்தன.

"இதையும் விருந்துக்கு எடுத்து வைக்கணும்லம்மா?" என்று கேட்டான் உருண்டை.

சடைச்சி ஒரு பழத்தை எடுத்து அவன் வாயில் வைத்தாள். இன்னொன்றைப் பொம்மியின் வாயில் வைத்தாள்.

"வேண்டாம்டா. இப்பவே தின்னு" என்றாள்.

பழம் தீர்வதற்குள் தூறல் விழுந்தது. நாக்கும் மூக்கும் கருநீலமாக, குட்டிகள் மழையில் நின்று ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. பேச்சி தன் குட்டிகளைக் கூப்பிட்டாள். அவை வளர்ந்ததில் முதுகில் இருந்த கோடுகள்கூட மறைந்துவிட்டிருந்தன. கோடை முடிந்ததற்கு இதைவிட அடையாளம் வேண்டியதில்லை.

"மழையில சேறு நல்லாக் குழைஞ்சிருக்கும், அக்கா. வர்றீங்களா?" என்றாள் பேச்சி.

சடைச்சி எழுந்தாள். எல்லோருமாக மடுவுக்கு நடந்தார்கள். குட்டிகள் அவளுக்கு இரண்டு பக்கமும் நடந்தன. கரைமேல் ஏறியதும் முதலில் சறுக்கியது சடைச்சிதான். அவள் விழுந்த வேகத்தில் தெறித்த சேறு பேச்சியின் முகமெல்லாம் அப்பியது. பொம்மியும் உருண்டையும் அவள் பின்னாலேயே சறுக்கி, அவள் வயிற்றில் போய் மோதி விழுந்தன. அன்று அந்த மடுவில் மயிலோ மந்தியோ யாரும் நின்று பார்க்கவில்லை. சடைச்சியும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பவில்லை. அந்தக் கோடையில் அவள் குட்டிகளோடு விளையாடியது அந்த ஒரு சாயங்காலம்தான்.

குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டிய சந்தோஷத்தை, அது சின்னதாக இருந்தாலும், அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். நாம் சேர்த்து முடிக்கும்வரை குழந்தைகள் குழந்தைகளாகவே காத்திருக்க மாட்டார்கள்.