பல் பார்த்து வாங்கிய மிஷின்

கூளப்பாளையத்தில் மாட்டுத் தரகு பார்க்கிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் நாச்சிமுத்து, நடுவன் சென்னியப்பன், கடைக்குட்டி குட்டியப்பன். சாமி மூவருக்கும் உடம்பைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மூளையை மட்டும் பொதுவில் ஒன்று கொடுத்திருந்தார். அதுவும் தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், பாவம்.

மூவரில் நாச்சிமுத்துவுக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி மயிலாத்தாவும் மாட்டுத் தரகர் வீட்டுப் பெண்தான். வயிற்றைத் தொட்டுச் சினை சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று நாச்சிமுத்து சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். ஒரு தடவை வண்டிக் காளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சினை" என்றாள். காளை இன்றுவரை கன்று போடவில்லை. அது காளையின் வீம்பு என்றுதான் அந்த வீட்டில் பேச்சு.

அப்பேர்ப்பட்ட மயிலாத்தா ஒருநாள் காலையில் துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்து கிடந்தது. மூன்று பேரும் தொழுவத்திலிருந்து வைக்கோல் தூசியும் எருமை முடியுமாக வந்து, நடுக்கூடத்தில் நின்று சாவகாசமாக உதறிக்கொள்வது வழக்கம். எத்தனை நாள்தான் அவளும் பொறுப்பாள்?

"நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். தரையில ஒரு தூசி இருந்துச்சுன்னா வந்த காலோட திரும்பிப் போயிருவேன், சொல்லிப்போட்டேன்!"

சொன்னபடியே போயும் விட்டாள். மத்தியானம் சென்னியப்பன் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நாச்சிமுத்து ஓவென்று அழுதான். ரசத்துக்காக அழவில்லை. அதைக் குடித்தபின் திட்டுவதற்கு ஆளில்லையே என்றுதான் அழுதான். மயிலாத்தா திட்டாத வீடு அவனுக்கு வீடாகவே தோன்றவில்லை.

முதலில் துடைப்பத்தைத்தான் எடுத்தார்கள். சென்னியப்பன் கூடத்திலிருந்து சமையல்கட்டுப் பக்கம் கூட்டினான். குட்டியப்பன் சமையல்கட்டிலிருந்து கூடத்துப் பக்கம் கூட்டினான். நடுவில் இரண்டு குப்பையும் சந்தித்துக்கொண்டன.

"இது உன் குப்பையா, என் குப்பையா?" என்றான் சென்னியப்பன்.

"கலந்துபோச்சேண்ணா! இனி எப்படிப் பிரிக்கிறது?"

பிரிக்க முடியாத குப்பையை ஒருத்தர் மட்டும் அள்ளிக் கொட்டினால் நாளைக்குச் சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வரும் என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னான். குப்பையைப் பழையபடி வீடு முழுக்கப் பரப்பிவிட்டுத் துடைப்பத்தை மூலையில் சாத்தினார்கள்.

அப்போதுதான் டீக்கடை மருதாசலம் அந்த யோசனையைச் சொன்னான். "டவுன்ல ரோபோ மிஷின் விக்கிதுப்பா. வட்டமா, தட்டு மாதிரி இருக்கும். விட்டா தானே ஊடெல்லாம் சுத்தித் தூசியத் தின்னுபோட்டு, தானே வந்து அதோட இடத்துல நின்னுக்கும். ஆனா உங்க ஊட்டுக்கு ஒத்து வருமான்னு நல்லாப் பார்த்து வாங்கோணும், ஆமா."

தம்பிகள் இரண்டு பேரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள்.

"திங்குதாம்," என்றான் குட்டியப்பன்.

"தானே வந்து கட்டுத்தறியில நிக்குதாம்," என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். "பார்த்து வாங்கோணும்னு வேற சொல்றான். நம்மளுக்குப் பார்க்கத் தெரியாதா என்ன? மூணு தலைமுறையாப் பார்க்கிறோம்!"

புதுக்கயிறு ஒன்று, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. மூவரும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

கடையில் தர்ஷினி என்ற சின்னப் பெண் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் நேரம், அன்றைக்கு இவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"வீட்டுல செல்லப்பிராணி இருக்குதுங்களா சார்? முடி உதிருமா?"

"எருமை இருக்குதுங்க அம்மிணி. உதிரும்."

தர்ஷினி மிஷின் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அப்போ நல்லா இழுக்கிற மாடலாப் பார்க்கணும் சார்."

நன்றாக இழுக்கும் என்றதும் மூவருக்கும் முகம் மலர்ந்தது. அவள் கறுப்பு மிஷினைத் தரையில் விட்டாள். அது விர்ரென்று ஓடி, சுவரில் ஒரு மோது மோதித் திரும்பியது.

"முட்டுதே!" என்று பின்வாங்கினான் சென்னியப்பன்.

"மோதினா தானே திரும்பிக்கும் சார்."

"முட்டுற மாடு என்னைக்கும் ஊட்டுக்கு ஆகாதுங்க. குழந்தை குட்டி இருக்கிற இடம்."

"உங்க வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா சார்?"

"இல்லீங்க. பொறந்தா இருக்குமுல்ல?"

அடுத்து வெள்ளை மிஷினை விட்டாள். இது விலை கூடிய சரக்கு, எதிரில் ஆள் நின்றால் கண்டுபிடித்து ஒதுங்கிப் போகும் என்றாள். குட்டியப்பன் குறுக்கே காலை வைத்தான். மிஷின் சட்டென்று ஒதுங்கியது. மறுபக்கம் போய் நின்றான். அங்கேயும் ஒதுங்கியது.

"மிரளுதுண்ணா," என்றான் குட்டியப்பன், ரொம்ப வருத்தமாக. "ஆளைக் கண்டா மிரளுற மாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

வெள்ளையும் கழிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்குகிற நிலைமை. அப்போது நாச்சிமுத்துவின் பார்வை மூலையில் கிடந்த சாம்பல்நிற மிஷின் மேல் விழுந்தது. கிட்டே போய்த் தட்டினான். அசையவில்லை. குட்டியப்பன் அதன் முன்னால் கையைத் தட்டிக் கூச்சல் போட்டான். அப்போதும் அசையவில்லை.

"ஆகா! என்ன சாது, என்ன சாது!" என்று உருகிப்போனான் நாச்சிமுத்து.

"அதுல சார்ஜ் இல்லைங்க சார், அதான் ஓடல..."

நாச்சிமுத்து அதற்குள் மிஷினைக் குப்புறப் புரட்டிப்போட்டிருந்தான். அடியில் சுழல்கிற பிரஷ்ஷை விரலால் நெருடிப் பார்த்தான்.

"பல்லு இன்னும் தேயலை. இளசு. சென்னீ, சுழி பாரு."

சென்னியப்பன் சக்கரத்துக்குச் சக்கரம் உற்றுப் பார்த்தான். "கெட்ட சுழி ஒண்ணுமில்லீங்கண்ணா. வால்தான் இல்லை."

"பரவாயில்ல. ஊட்டுக்குள்ள ஈ கம்மி."

அதே மாதிரியில் பெட்டி பிரிக்காத புதுசு உள்ளே இருக்கிறது என்று தர்ஷினி கெஞ்சினாள். கேட்பார்களா? பார்த்த மாட்டை விட்டுவிட்டுப் பார்க்காத மாட்டை ஓட்டிவரச் சந்தையில் அவர்கள் படிக்கவில்லை. பேசி முடிக்க மேனேஜரைக் கூப்பிட்டார்கள். வந்த மனுஷன் கையை நீட்டியதும் நாச்சிமுத்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விலை பேச ஆரம்பித்தான். மாட்டுச் சந்தையில் அப்படித்தான், வாயைத் திறந்து விலை சொன்னால் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்டுவிடும். மேனேஜருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தார்.

"சிரிச்சுட்டாரு! படிஞ்சுபோச்சு!" என்று துண்டை உதறித் தோளில் போட்டான் நாச்சிமுத்து. மிஷினில் ஒட்டியிருந்த விலையையே கொடுத்துவிட்டு, பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் மிஷினுக்குக் கயிறு கட்டினான்.

தர்ஷினி மிஷினுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, விடாமல் சொல்லியனுப்பினாள். "தரையில எதுவும் இல்லாம பார்த்துக்குங்க சார். சார்ஜ் தீர்ந்தா ஸ்டாண்டுல நின்னு தானே ஏத்திக்கும். முக்கியமா, உள்ள டப்பா நிறைஞ்சதும் இந்த மூடியைத் திறந்து தூசியை வெளிய எடுத்துரணும்."

குட்டியப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. கடை வாசலுக்கு வந்ததும் அண்ணன் காதில் கிசுகிசுத்தான். "தின்னதை வயித்தைத் திறந்து எடுக்கச் சொல்லுதே! பார்த்தா நல்ல புள்ளையாட்டம் இருக்குது, இத்தனை கல்நெஞ்சா?"

"நம்ம கையால அந்தப் பாவத்தைப் பண்ணவே கூடாது," என்றான் நாச்சிமுத்து. மூவரும் மிஷின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து, ஆரத்தி சுற்றி உள்ளே விட்டார்கள். தரையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது உத்தரவாயிற்றே! அண்டா, குண்டா, அரிசி மூட்டை, அம்மிக்கல், கட்டில் எல்லாம் கயிறு போட்டு விட்டத்தில் ஏறின. கடைசியில் சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணா, நாமளும் தரையிலதானே நிக்கிறோம்?"

நியாயமான கேள்விதான். மூவரும் விட்டத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். கீழே மிஷின் மூலைமூலையாகப் போய் வைக்கோலையும் எருமை முடியையும் ஒன்றுவிடாமல் இழுத்துத் தின்றது. தரை கண்ணாடியாக மின்னியது. மேலே தொங்கியபடியே நாச்சிமுத்து, "மயிலாத்தா வந்துருவா! மயிலாத்தா வந்துருவா!" என்று கத்தினான். சந்தோஷத்தில் கைதட்டப் போய்த் தொப்பென்று கீழே விழுந்தான். விழுந்தவன் அங்கேயே உட்கார்ந்து சிரித்தான்.

சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. தின்று முடித்த மிஷின் கட்டுத்தறிக்குப் போய், அதாவது சார்ஜ் ஸ்டாண்டுக்குப் போய், அசையாமல் நின்றுவிட்டது.

"இனிமே இதுக்குத் தீனி?" என்றான் குட்டியப்பன்.

மூவரும் மூலைமூலையாகத் தேடிப் பார்த்தார்கள். வீட்டில் மருந்துக்குக்கூடத் தூசி இல்லை. தூசி போட்டால் மயிலாத்தா வரமாட்டாள். போடாவிட்டால் வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கும். நாச்சிமுத்து கட்டுத்தறிக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தான். பெண்டாட்டியும் வேண்டும், பாவமும் சேரக் கூடாது என்றால் பாவப்பட்டவன் என்னதான் செய்வான்!

"மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போலாமே," என்றான் சென்னியப்பன். பொதுமூளை அன்றைக்கு அவனிடம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து மேய்ச்சல் தொடங்கியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூடத்தில் விட்டார்கள். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் விட்டார்கள். மாவு மில்லில் ஒரு சுற்று, மெத்தைக்குப் பஞ்சு அடிக்கிறவர் கடையில் ஒரு சுற்று. ஊர்ப் பெண்களுக்குக் கொண்டாட்டம்! "எங்க ஊட்டுலயும் வந்து மேயட்டும் சாமி," என்று போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டார்கள். துடைப்பத்தைத் தொடாமலே கூளப்பாளையம் பளபளவென்று ஆனது.

மிஷினின் வயிறுதான் புடைத்துக்கொண்டே வந்தது. செய்த சத்தியத்தை மீறி யாரும் மூடியைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மிஷின் கூடத்து நடுவில் கர்ர், கர்ர் என்று முனகிவிட்டு நின்றுபோனது. தலையில் சிவப்பு விளக்கு பளிச் பளிச் என்று எரிந்தது. கண் சிவந்துவிட்டது என்று குட்டியப்பன் அலறினான். சென்னியப்பன் மிளகாய் சுற்றிப் போட்டான். நாச்சிமுத்து அதன் முதுகில் வேப்பெண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மயிலாத்தா உள்ளே ஒரு அடி வைத்தாள். குனிந்து தரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தூசி இல்லை. இன்னொரு இடத்தில் தேய்த்தாள். அங்கேயும் இல்லை. நிமிர்ந்து விட்டத்தில் தொங்கிய அம்மிக்கல்லைப் பார்த்தாள். அதற்கு நேர் கீழே நிற்காமல் ஒரு அடி தள்ளி நின்றாள்.

"வந்துட்டியா மயிலாத்தா!" என்று எழுந்தான் நாச்சிமுத்து. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டோம். ஆனா பண்ணிக் கொடுத்த ஜீவன் படுத்துருச்சு. எந்திரிக்க மாட்டீங்குது."

"தள்ளுங்க மாமா, பார்க்கலாம்." மயிலாத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷினின் வயிற்றில் கை வைத்தாள். அழுத்தினாள். காதை வைத்துக் கேட்டாள்.

"அடக் கூறுகெட்ட மனுசங்களா! இது சினைங்க. நிறை சினை. வலி எடுத்துக் கிடக்குது, வேப்பெண்ணெய் தடவிட்டு நிக்கிறீங்களே!"

நாச்சிமுத்து பெருமையோடு தம்பிகளைப் பார்த்தான். தொட்டதும் சொல்லிவிட்டாள் பார்த்தாயா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"நீ திரும்பிப் போயிருவியோ மயிலாத்தா?" என்று மெல்லக் கேட்டான்.

"பேறுகாலத்துல விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன கல்லா? வெந்நி வையுங்க!"

வெந்நீர் வந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாததால் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மயிலாத்தா அங்கே இங்கே பிடித்து அமுக்கினாள். டப்பென்று மூடி திறந்தது. சாம்பல் நிறத்தில், எருமை முடியும் பஞ்சும் மாவுமாக ஒரு பெரிய தூசி உருண்டை தரையில் வந்து விழுந்தது. உச்சியில் இரண்டு வைக்கோல் துண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"கிடாரிக் கன்னு! பொட்டைக் கன்னு!" என்றாள் மயிலாத்தா.

மூன்று ஆண்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குட்டியப்பன் தேம்பித் தேம்பி அழுதான். இதற்குள் வயிறு காலியான மிஷின் உற்சாகமாகக் கிளம்பி, உருண்டையை நோக்கி விர்ரென்று வந்தது.

"கன்னுக்குட்டிய நக்க வருதுண்ணா!"

"தலையீத்து மாடு, முதக் கன்னுல்ல, முரட்டுத்தனமா நக்கும். பிடிச்சுக் கட்டுங்க!" என்றாள் மயிலாத்தா. மிஷினைத் தூணில் இறுக்கக் கட்டினார்கள். கன்றை மூங்கில் கூடையில் மயிலாத்தாவின் கல்யாணப் பட்டுச்சேலையை விரித்துப் படுக்க வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சீம்பால் கேட்டுச் சொம்போடு வந்தாள். இன்னும் சுரக்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லியனுப்பினார்கள்.

பேறு கண்ட மாட்டை வேலை வாங்கலாமா? கூடாது. அதனால் மறுநாள் காலையில் மூலையில் கிடந்த துடைப்பத்தை நாச்சிமுத்துவே எடுத்தான். திட்டுவதற்குப் பெண்டாட்டி வீட்டில் இருக்கிற தெம்பில், வீசி வீசிக் கூட்டினான்.

சமையல்கட்டிலிருந்து மயிலாத்தா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"மெதுவாக் கூட்டுங்க மாமா! கன்னுக்குட்டி மேல ஒரு தூசி விழுந்துச்சு, நான் எங்கப்பன் ஊட்டுக்கே போயிருவேன்!"